11, முப்பத்துமூன்றாம் ஒழுங்கை

கொழும்பு காலி வீதியின் இரைச்சலை விட்டுப் பகத்தலை வீதிக்குள் திரும்பி, அதிலிருந்து இன்னும் ஒடுங்கிய ஒரு சந்தின் கடைசிக்கு வந்ததும் ஓட்டோ நின்றது. "இதுதான் பாவா ஐயாட வீடு. இதுக்கு மேல றோட்டு இல்லை," என்றார் ஓட்டுநர். இரண்டு பக்கமும் மதில். எதிரே ஒரு வெள்ளைச் சுவரும், கார் உள்ளே போகிற அளவுக்கு அகலமான கதவும். இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்தவர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வைத்திருந்த வீடு இது என்று சொல்ல வெளியில் எதுவுமே இல்லை. நம்மூரில் எலிவேஷனுக்கென்று தனியாகக் காசு எடுத்து வைத்துவிட்டுத்தான் அஸ்திவாரமே தோண்டுகிறோம். ஜெஃப்ரி பாவா தெருவுக்குக் காட்டுவதற்கென்று எதையும் செய்யவில்லை. அவருக்கு அக்கறை இருந்ததெல்லாம் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்.

என்னோடு வந்தவர் வெள்ளவத்தையில் வீடுகளுக்கு உள்ளலங்காரம் செய்துதரும் ஒரு பெண். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். கட்டடம் எழுப்பும் வேலையை விட்டுவிட்டு, எழுப்பிய கட்டடத்துக்குள் மனிதர்களைக் குடிவைக்கும் வேலையைத் தேர்ந்துகொண்டவர். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "அவரைப் பற்றி எழுதுங்கோ அக்கா. என்னைப் பற்றி என்னத்துக்கு?" புதிதாக ஒரு வேலையை ஒப்புக்கொண்டால், வீட்டுக்காரரை முதலில் இங்கே கூட்டிவருவது இவருடைய வழக்கம். "துணி மாதிரி, டைல்ஸ் மாதிரி எல்லாம் பேந்து பார்க்கலாம். முதல்ல இதுக்குள்ள ஒருக்கா நடந்தால், நான் வாயால நிறைய விளங்கப்படுத்தத் தேவையில்லை."

காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். முதலில் வருவது கார் நிறுத்துமிடம். பாவாவின் பழைய ரோல்ஸ் ராய்ஸ் இன்னும் அங்கேதான் நிற்கிறது. வீட்டுக்குத் தலைவாசல் என்று வேறு எதுவும் கிடையாது. காரைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு கதவைத் திறந்தால் நேர் எதிரே நீளமாக ஒரு நடை. சுவர் வெள்ளை, தரையும் வெள்ளை. அகலம் அதிகமில்லை. தூரத்தில், நடை முடிகிற இடத்தில், வெயில் விழுந்து கிடக்கிறது. அதைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது.

"அவசரப்படாதேங்கோ. இதில நில்லுங்கோ," என்று கையைப் பிடித்து நிறுத்தினார். "இப்ப பாருங்கோ, எங்கெங்க மேல இருந்து வெளிச்சம் விழுது எண்டு."

நின்று பார்த்த பிறகுதான் தெரிந்தது. நடையின் பக்கவாட்டில் ஆங்காங்கே கூரை நின்றுவிடுகிறது. நம் கட்டடக்காரர்கள் ஓ.டி.எஸ். என்று சொல்கிற, வானம் பார்த்த இடங்கள். சில, ஒரு செடித்தொட்டியும் கொஞ்சம் கூழாங்கல்லும் வைக்கத்தான் காணும். சில இடங்களில் ஆள் உட்காரலாம். அந்த இடங்களில் விழுகிற வெயில் வெள்ளைச் சுவரில் பட்டு, வெள்ளைத் தரையில் பட்டு, நடைக்குள் மெதுவாகக் கசிகிறது. கண் கூசுவதில்லை. வெளிச்சம், நிழல், மறுபடி வெளிச்சம் என்று மாறி மாறி வருவதால் நடையின் நீளம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த மனையைச் சுற்றிலும் அக்கம்பக்கத்து மதில்கள். பக்கச் சுவரில் யன்னல் வைத்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரியும். வெளிச்சம் வேண்டுமென்றால் மேலேயிருந்துதான் எடுத்தாக வேண்டும். கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து 7 டிகிரி வடக்கே இருக்கிறது. உச்சி வெயில் ஆண்டு முழுக்க ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்கும். ஏப்ரல் தொடக்கத்தில் நேர் உச்சியிலேயே நிற்கும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு சின்னத் திறப்பு போதும், வெளிச்சம் தரைவரை இறங்கிவிடும். சூடான காற்று அதே திறப்பு வழியாக மேலே போய்விடும், நிழலில் கிடக்கும் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு நகர்ந்து வரும். நடையில் மின்விசிறி தேவைப்படவில்லை. மழை பெய்தால் உள்ளேதான் விழும். விழட்டும் என்றுதான் அங்கே கல்லும் செடியும். செட்டிநாட்டு வளவையோ, தஞ்சாவூர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டையோ பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் அந்த வீடுகளில் ஒரு பெரிய முற்றம் நடுவில் இருக்கும். பாவாவுக்கு அவ்வளவு இடமில்லை. இருந்ததைத் துண்டு துண்டாக்கி வீடு முழுக்கத் தூவியிருக்கிறார்.

இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், வீட்டின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இங்கே முன்பு ஒரே வரிசையில் நான்கு சின்ன பங்களாக்கள் இருந்தன. 1958-இல் அவற்றில் மூன்றாவதை மட்டும் பாவா எடுத்தார். உட்கார ஓர் அறை, படுக்க ஓர் அறை, மிகச் சிறிய சமையலறை, வேலைக்காரருக்கு ஓர் அறை. தனியாள் ஊருக்கு வந்தால் தங்கிப்போக அவ்வளவு போதும் என்றுதான் தொடக்கம். கொஞ்ச காலத்தில் நான்காவது பங்களா காலியானது, அதையும் சேர்த்துச் சாப்பாட்டு அறையும் இன்னொரு கூடமும் ஆக்கினார். பத்து ஆண்டு கழித்து மீதி இரண்டும் வந்து சேர்ந்தன. வரிசையில் முதலாவதாக இருந்ததை இடித்துவிட்டு, அந்த இடத்தில் நான்கு அடுக்குக் கோபுரம் ஒன்றை எழுப்பினார். நாம் கார் பார்த்த இடம் அந்தக் கோபுரத்தின் அடிதான். அதோடும் நிற்கவில்லை. கடைசிவரை ஏதாவது ஒரு சுவரைத் திறந்து, ஏதாவது ஒரு கதவை இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்.

நான்கு வீட்டை வாங்கி ஒரே நாளில் இடித்துத் தள்ளி ஒரு மாளிகை கட்டியிருந்தால் இந்த வீடு கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். ஒன்றில் வாழ்ந்து பார்த்து, எது பற்றவில்லை என்று தெரிந்துகொண்டு, அடுத்ததைத் திறந்திருக்கிறார். தன் உடம்பு எங்கே உட்கார விரும்புகிறது, கண் எதைத் தேடுகிறது என்பதெல்லாம் ஒரு வீட்டில் இருந்து பார்த்தால்தான் தெரியும். வரைபடத்தில் தெரியாது.

தொழிலுக்கும் அவர் அப்படித்தான் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தார். 1919-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை பெயர் பெற்ற வழக்கறிஞர். மகனும் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு லண்டனில் பாரிஸ்டர் ஆனார். கோர்ட்டு வேலை ஒட்டவில்லை. தாய் காலமான பிறகு தேசம் தேசமாகச் சுற்றினார். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் ஒரு வீடு வாங்கிக் குடியேறிவிடலாம் என்றுகூட நினைத்தார். அது கைகூடாமல் ஊர் திரும்பி, 1948-இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரியோரம் பராமரிப்பில்லாமல் கிடந்த ஒரு ரப்பர் தோட்டத்தை வாங்கினார். அதுதான் லுணுகங்கை. அதை ஒரு சோலையாக்க இறங்கியபோதுதான் ஆசை இருக்கிறது, தொழில் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய கட்டடக்கலை நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிறகு மறுபடி லண்டன் போய், கட்டடக்கலைச் சங்கப் பள்ளியில் தன்னைவிட மிக இளையவர்களோடு உட்கார்ந்து படித்து, 1957-இல் தகுதி பெற்றார். அப்போது வயது 38. அடுத்த ஆண்டே இந்த ஒழுங்கைக்கு வந்துவிட்டார். நாடாளுமன்றம், ருகுணு பல்கலைக்கழகம், கந்தளமை ஹோட்டல் எல்லாம் அதற்கப்புறம் வந்தவை. முப்பது தாண்டிவிட்டது, இனி என்ன புதிதாகப் படிப்பது என்று மனம் சோர்ந்தவர்கள் இந்த வருடங்களை ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

நடை முடிகிற இடத்துக்கு வந்தோம். மேலே திறந்த ஒரு சின்ன முற்றம், கீழே தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் மரத்தூண்கள். போதிகையைப் பார்த்த அந்த நொடியிலேயே எனக்கு ஊர் தெரிந்துவிட்டது. செட்டிநாடு. வீட்டைச் சுற்றிக்காட்ட வந்த வழிகாட்டிப் பெண்ணும் அதையேதான் சொன்னார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்கு முன்னால் நெடுக்காகச் சாத்தி வைத்திருப்பார்களே, அதே சாதித் தூண்கள். ஒரு வீட்டை இடிக்கும்போது கதவு தனியாக, நிலை தனியாக, தூண் தனியாக விலைக்கு வரும். அந்தத் தெருவில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். எந்த வளவில் யார் கல்யாணத்துக்குச் சாய்ந்து நின்ற தூணோ என்று தோன்றும்.

இங்கே கிட்டப் போய்ப் பார்த்தேன். தூணுக்கு மெருகேற்றிப் புதிதாகக் காட்டவில்லை. மரத்தின் ரேகை வழியே ஓடுகிற வெடிப்பை அடைக்கவில்லை. செதுக்கலின் பள்ளங்களில் பழைய கறுப்பு அப்படியே தங்கியிருக்கிறது. முக்கியமான இன்னொன்று, அது தூணாகவே நிற்கிறது. பல வீடுகளில் செட்டிநாட்டுத் தூணை வாங்கிவந்து, எதையும் தாங்காமல் கூடத்து மூலையில் நிறுத்தி, கீழே ஒரு ஸ்பாட் லைட் போட்டுவைப்பதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அதற்குக் கூரையோடும் தண்ணீரோடும் ஓர் உறவு இருக்கிறது. வெயில் ஏறும்போது அதன் நிழல் தண்ணீரில் இடம் மாறுகிறது. இடித்த வீட்டின் தூணுக்கு இதைவிட நல்ல மறுவாழ்வு கிடைக்குமா என்று தெரியவில்லை.

நகரத்தாருக்கும் கொழும்புக்கும் உள்ள தொடர்பு பழையது. புறக்கோட்டையில் செட்டியார் தெரு இருக்கிறது, கதிரேசன் கோயில்கள் இருக்கின்றன, ஆடிவேல் இருக்கிறது. இங்கே ஈட்டிய பணமும் பர்மாவில் ஈட்டிய பணமும் தேக்காகவும் தூணாகவும் மாறித்தான் செட்டிநாட்டு வீடுகள் எழுந்தன. அவற்றில் சில தூண்கள் மறுபடி கடல் தாண்டி இந்த ஒழுங்கைக்குள் வந்து நிற்பதை நினைக்கும்போது வணிகர்களின் பெரிய கணக்குப் புத்தகம் ஒன்று கண்ணுக்குள் விரிகிறது.

முற்றத்தைத் தாண்டி உட்காரும் அறை. இங்கேதான் என் கூட வந்தவரின் பாடம் தொடங்கியது. அறைக்குள் நுழைந்ததும் நான் சாமான்களைப் பார்க்கத் தொடங்கினேன். டொனால்ட் ஃபிரெண்ட் என்ற ஆஸ்திரேலிய ஓவியர் தீட்டிய கதவுகள் இந்த வீட்டில் இருக்கின்றன. பாவாவின் அண்ணன் பீவிஸ், பேருவளைப் பக்கம் பிரீஃப் என்ற தோட்டத்தை உருவாக்கியவர். அங்கே சில ஆண்டுகள் தங்கியிருந்தவர் ஃபிரெண்ட். கதவைத் திறந்தால் படம் இரண்டாகிறது, மூடினால் ஒன்றாகிறது. அதில் கண்ணை வைத்துக்கொண்டிருந்தவளைத் தோழி தடுத்தார்.

"சாமானைப் பேந்து பாருங்கோ அக்கா. முதல்ல கதிரை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கு எண்டு பாருங்கோ."

அப்படிப் பார்த்தபோது அறை வேறு மாதிரி ஆகிவிட்டது. எந்த இருக்கையும் வெறும் சுவரைப் பார்த்து இல்லை. ஒன்றிலிருந்து பார்த்தால் கதவு வழியாக முற்றம், முற்றத்துக்கு அப்பால் இன்னொரு கதவு, அதற்கும் அப்பால் வெளிச்சம். இன்னொன்றிலிருந்து செடி ஒன்றின் பாதி. நிலைக்கால்களை ஒன்றுக்கு நேராக ஒன்றாக வைத்திருப்பதால், ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பவரின் கண் மூன்று அறையைக் கடந்து போகிறது. சாமான்கள் அந்தப் பார்வை போகிற வழியில் தங்கும் இடங்களில் இருக்கின்றன. விலை உயர்ந்ததும் தெருவோரம் வாங்கியதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதற்கும் கண்ணாடிப் பெட்டி கிடையாது.

லுணுகங்கையிலும் இதையேதான் பாவா பெரிய அளவில் செய்தார். வீட்டுத் திண்ணையிலிருந்து ஏரி தெரியவில்லை என்று எதிரே இருந்த மேட்டின் தலையைச் சீவினார். அப்பால் ஏரி, அதற்கும் அப்பால் தூரத்து விகாரையின் வெள்ளைத் தாதுகோபம் எல்லாம் ஒரே கோட்டில் வந்தன. அந்த மேட்டின் மேல் ஒரு பெரிய சாடியை வைத்தார், கண் அங்கே ஒரு கணம் தங்கிப் போவதற்காக. கோயில் அரளி மரக் கிளைகளில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, தான் விரும்பிய பக்கம் வளரச் செய்திருக்கிறார். ஒரு கிளை வளைய எத்தனை ஆண்டு ஆகும்? அத்தனை ஆண்டும் காத்திருக்கத் தயாராக இருந்தவர்.

"நான் ஒரு வீட்டுக்குப் போனால் முதல் நாள் அளவு எடுக்க மாட்டன்," என்றார் தோழி. "அங்க இருக்கிற கதிரை எல்லாத்திலயும் ஒருக்கா இருந்து பார்ப்பன். காலமை தேத்தண்ணி எங்க இருந்து குடிக்கிறீங்கள், ஆர் எங்க இருந்து பேப்பர் பார்க்கிறது, பிள்ளையள் எங்க படிக்கினம், இதுகளைத்தான் கேட்பன். சில பேருக்குக் கோபம் வரும். நிறம் என்ன, டிசைன் என்ன எண்டு ஒண்டும் கேக்காமல் இருக்கிறாளே எண்டு."

"சென்னையில இப்ப அப்படியே நேர்மாறுங்க," என்றேன். "நாற்பத்தஞ்சு நாள்ல சாவி கையில கொடுத்துடறோம்னு பேக்கேஜ் போடறாங்க. ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், டிவி யூனிட், எல்லாம் ஒரே தொகைக்குள்ள."

இதைச் சொல்லும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. எத்தனை புது அடுக்குமாடி வீடுகளில் நுழைந்திருக்கிறேன்! கிரஹப்பிரவேசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. கூடத்தில் இருக்கிற எல்லா நாற்காலியும் டிவி யூனிட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். பால்கனிக் கதவுக்கு முதுகு காட்டிச் சோபா போட்டிருப்பார்கள். நல்ல உயரமான கூரையை ஓர் அடி கீழே இறக்கி அதற்குள் விளக்கைப் பதித்திருப்பார்கள். சுவரோடு சுவராக அறைந்த பிளைவுட் அலமாரிகளை இனி யாரும் நகர்த்த முடியாது. அந்த வீட்டு மனிதர்கள் அதில் ஒரு நாள்கூட வாழ்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிவாகிவிடுகிறது. கடன் தவணை மட்டும் இருபது வருடம் ஓடும். செய்து கொடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களும் உழைப்பாளிகள்தான். ஆனால் வீடு என்பது ஒரே மூச்சில் செய்து முடிக்கிற வேலை என்ற நினைப்பைப் பரப்பியது பெரிய நஷ்டம்.

வழிகாட்டிப் பெண் எங்கள் பேச்சு முடியப் பொறுமையாக நின்றார். பிறகு பாவாவின் படுக்கையறைப் பக்கம் அழைத்துப் போனார். 1998-இல் பக்கவாதம் வந்து பேச்சும் நடமாட்டமும் போயின. 2003-இல் காலமானார். அறைகளை அவர் இருந்தபோது இருந்தபடியே அவர் பெயரிலான அறக்கட்டளை வைத்திருக்கிறது. அதிக நேரம் அங்கே நிற்க மனம் வரவில்லை.

சமையலறையைப் பற்றிக் கேட்டேன். இந்த வீட்டில் என்னை உறுத்திய ஒன்று அதுதான். இது தனியாள் ஒருவர், வேலைக்காரர்களோடு வாழ்ந்த வீடு. எந்தப் பார்வைக் கோடும் அடுப்படி வரை போகவில்லை. லுணுகங்கைத் தோட்டத்தில் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஓசையுள்ள மணிகளைத் தொங்கவிட்டிருந்தார். எந்த மணி அடிக்கிறதோ அதை வைத்து ஐயா எங்கே இருக்கிறார் என்று அறிந்து தட்டோடு ஓட வேண்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் தட்டை ஏந்தி ஓடுகிறவரின் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்ற கேள்வி எனக்கு வருகிறது. நம் வீடுகளில் அம்மாக்கள் நாளில் பாதியைக் கழிக்கிற இடம் சமையல் மேடை. அங்கே நிற்பவருக்கு எதிரே டைல்ஸ் ஒட்டிய சுவர். இதைத் தோழியிடம் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டார். "ஓம் அக்கா, இது ஒண்டு மட்டும் அவரிட்டப் படிக்க ஏலாது. அது நாங்களாத்தான் செய்ய வேணும்." இவர் செய்கிற வேலைகளில் சமையல் மேடைக்கு எதிரே யன்னல் இல்லையென்றால், மேடையையே யன்னல் இருக்கிற சுவருக்கு மாற்றப் பார்ப்பாராம். தண்ணீர்க் குழாய் நீளும், செலவு கூடும். முதலில் சண்டை பிடிக்கிற வீட்டுக்காரர்கள் பிறகு நன்றி சொல்வார்களாம்.

கோபுரத்தின் படிகளில் ஏறினோம். கீழ்வீடு நிழலும் ஈரமுமாக இருக்க, மேலே போகப் போக வீடு வெளுத்து வெளிச்சமாகிறது. மேல் அடுக்குகள் இப்போது தங்க வருபவர்களுக்கு வாடகைக்கு விடப்படுகின்றன. உச்சியில் மொட்டைமாடி. சுற்றிலும் மரத்தலைகள், அடுக்குமாடிகள், மேற்கே கடல் இருக்கிற திசை. கீழே பார்த்தால் இந்த வீட்டின் கூரைகள், அவற்றுக்கு நடுவே கீறிவிட்டதுபோல் முற்றங்கள். நடையில் நின்றபோது புரியாத வீடு இங்கிருந்து பார்த்தால் ஒரு நொடியில் புரிகிறது.

கூரையைப் பற்றி ஒரு செய்தி. நெளிவு சிமென்ட் தகட்டைப் போட்டு, அதன் மேல் அரைவட்ட நாட்டு ஓட்டைப் பரப்புகிற முறையைப் பாவா தன் வேலைகளில் நிறையப் பயன்படுத்தினார். தகடு ஒழுகலைத் தடுக்கும், ஓடு சூட்டைத் தடுக்கும், பார்க்கவும் ஊர்க் கூரையாகவே இருக்கும். 1960-களிலும் 70-களிலும் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. கண்ணாடி, இரும்புச் சாமான்களை வெளியிலிருந்து வரவழைப்பது கடினம். ஓடு, மரம், கருங்கல், சுண்ணாம்பு, கைத்தறி என்று உள்ளூரில் கிடைத்ததை வைத்தே வேலை செய்தாக வேண்டியிருந்தது. பாவாவைச் சுற்றி இருந்தவர்களும் அப்படி அமைந்தார்கள். துணிக்கு பார்பரா சன்சோனி, பாத்திக்குக்கு ஈனா டி சில்வா, ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் லக்கி சேனாநாயக்க. ஈனா டி சில்வாவுக்காகப் பாவா கொழும்பில் கட்டிய முற்ற வீட்டை, மனை கைமாறியபோது, கல் கல்லாகக் கழற்றி எண் போட்டு லுணுகங்கைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வீட்டின் மேல் அவ்வளவு பாசம் வைக்கிற ஊர் இது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. நம் பக்கம் பாவாவின் கையைப் பார்க்க வேண்டுமானால் சென்னையில் கன்னிமாரா ஹோட்டலுக்குப் போகலாம், 1970-களில் அதைத் திருத்தி அமைத்தவர் அவர்தான். மதுரையில் ஆலை நிர்வாகிகளுக்காக அவர் வடிவமைத்த கிளப் இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற விடுதி.

வெளியே வந்து, நடக்கும் தூரத்தில் ஆல்ஃபிரட் ஹவுஸ் வீதியில் அவருடைய பழைய அலுவலகத்தையும் எட்டிப் பார்த்தோம். இப்போது அது கேலரி கஃபே. முற்றத்துக்குப் பின் முற்றமாகப் போகும் அதே நடை, அதே வெளிச்சம். கூட்டம் அதிகம், உட்கார இடமில்லை.

மாலையில் தோழி தான் அப்போது வேலை செய்துகொண்டிருந்த ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்குகிற ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் ஒரு சின்ன வீடு. முற்றம் வைக்க வழியில்லை. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள், பகலெல்லாம் வீட்டில் இருப்பது அம்மா மட்டும். கூடத்துக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த பலகைத் தடுப்பை எடுத்துவிட்டிருந்தார். அவ்வளவுதான் பெரிய வேலை. இப்போது பின்னறை யன்னலும் கூடத்துப் பால்கனியும் ஒன்றுக்கொன்று நேர். முன்னே நின்றால் பின்பக்கத்து மாமரம் தெரிகிறது, கடல்காற்று குறுக்கே ஓடுகிறது. அம்மாவின் பழைய பிரம்புக் கதிரையை அந்தக் கோட்டின் நடுவில், கொஞ்சம் சாய்வாகப் போட்டிருந்தார்கள். சுவர்களில் இன்னும் பட்டிதான், நிறம் தீட்டவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பிள்ளை," என்றார் அம்மா. "ஆனால் இந்தச் சுவர் வெறுஞ்சுவராக் கிடக்குது. வாறவை என்ன நினைப்பினம்? ஒரு அலுமாரி அடிச்சு விடுமன்."

தச்சு வேலைக்கு வந்திருந்த பாஸ் உடனே அளவுநாடாவை எடுத்தார். தோழி அவரைச் சிங்களத்தில் நிறுத்திவிட்டு, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ரெண்டு மாதம் இருந்து பாருங்கோ அம்மா. அதுக்குப் பிறகும் வேணும் எண்டால் அடிச்சுத் தாறன்."

"ரெண்டு மாதமோ? அதுவரைக்கும் என்ட சீலையெல்லாம் பெட்டிக்குள்ளயோ கிடக்கிறது?"

அதில் நியாயம் இருந்தது. சீலை அலுமாரியைப் பின்னறையில், யன்னலுக்குப் பக்கச் சுவரில் உடனே அடிப்பது, கூடத்துச் சுவரை மட்டும் இப்போதைக்கு விட்டுவைப்பது என்று பேசி முடித்தார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று பாஸ் கேட்டார். அதைத் தீர்மானிக்க அம்மாவே எழுந்து பின்னறைக்குப் போனார்.